சொந்த மெட்டு

ஐயோ, ஒளிச்சு வைக்கலமா! யாரு சொன்னா ஒளிச்சு வைக்கிறேன்னு? சும்மா எடுத்துப் பார்த்தேன், பார்த்துட்டு வச்சேன். வச்ச எடம் கிறிஸ்மஸ் பாட்டுப் பெட்டியாப் போச்சு, அவ்வளவுதான் லா. வயசான ஆளு, கண்ணாடிய வேற காடியில, கார்லமா, விட்டுட்டு வந்துட்டேன்... இல்ல இல்ல, நெத்தியில இருக்கிறது வேற கண்ணாடி. அது தூரத்துக்கு.

ஆமா, மூணும் ஒரே ரெக்கார்டுதான். மூணையும்தான் வச்சேன். என்ன இப்ப? அதுங்களும் ஒன்னா இருக்கட்டுமேன்னு...

சரி, அப்படிப் பார்க்காதீங்க. உங்க சட்டையில பிரணவின்னு பேரு குத்தியிருக்கு, அதப் பார்த்துத்தான் தமிழ்ல பேசுறேன். ஓமா? ஓம்னா யாழ்ப்பாணம். நான் மலேசியாமா. தைப்பிங். பேரு ராஜூ. கிளென்ஃபீல்ட்ல வீடு. இருபத்திரண்டு வருஷம் நார்த் ஷோர்ல பஸ் ஓட்டுனேன், இப்ப வீட்டுல இருந்து வாங்கிக் கட்டிக்கிறேன். பாருங்க, உங்க முதலாளி வெள்ளைக்காரர், தாடி வச்சிருக்காரே, அவரு மூணு வாரமா எனக்குப் பக்கத்துலயே நின்னாரு, சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேக்கல. நம்ம ஆளு நீங்க... வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளு? பத்து நாளா? பத்தே நாள்ல பிடிச்சிட்டீங்க. நல்லா இருங்க.

நான் ஒன்னு கேக்குறேன் உங்கள. இந்த மாதிரி பழச எல்லாம் எதுக்குத் திரும்பப் போடுறாங்க? ஐம்பது வருஷத்துக்கு முந்தி ஒருத்தரும் வாங்காத ரெக்கார்டு இது. நோரிஸ் பென்ஃபோல்ட்னு யாரோ ஒரு இங்கிலீஷ்காரன், ஒத்தக் கித்தார், பாட்டுக்கூடக் கிடையாது, சும்மா டொய்ங் டொய்ங்னு. போட்டதே முந்நூறு காப்பி. அதுலயும் பாதி அவரு தங்கச்சி வீட்டு கராஜ்ல நனஞ்சு நாசமாப் போச்சாம். நான் சொல்லல, உள்ள ஒரு சின்னப் புத்தகம் வச்சிருக்கானுங்க, அதுல எழுதியிருக்கு. பாவம், அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு. அத லண்டன்ல யாரோ ரெண்டு பேரு எழுப்பி, மொகம் கழுவிவிட்டு, நல்ல கனமான பிளேட்டா அடிச்சு, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பி... சரி, அனுப்பு, வேணாங்கல. நியூசிலாந்துக்கு எதுக்குடா? இங்க ஆடு கேட்டுச்சா?

அதுவும் மவுண்ட் ஆல்பர்ட்ல! இந்தக் கடைக்கு வெளிய காடி நிப்பாட்டவே ஒரு மணி நேரந்தான் விடுறான். நான் இப்ப ஏவன்டேல் சந்தையில இருக்கேன், தெரியுமா உங்களுக்கு? வீட்டுல அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். இதோ பாருங்க, காலடியில பை. நீட்டு பயத்தங்காய், முள்ளங்கி, ஒரு கட்டு கீரை. சாட்சிக்கு வாங்கினது. முள்ளங்கி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூணு ஞாயித்துக்கிழமையா முள்ளங்கி சாம்பார் சாப்பிடுறேன் இந்த நோரிஸ் பென்ஃபோல்டால.

ஆங்? வெளிய கண்ணாடியில ஒட்டியிருக்கிற அட்டையா? பார்த்தேனே. பார்க்காம இருப்பேனா? 'இந்த மாதம் எங்கள் கடையில் அதிகம் போன ரெக்கார்டு. மக்கள் விரும்பி வாங்குகிறார்கள்'னு இங்கிலீஷ்ல கொட்ட எழுத்துல எழுதி, ஒரு காப்பியக் கண்ணாடியிலயே நிக்க வச்சிருக்காரு உங்க முதலாளி. அந்த அட்டைய நின்னு ரெண்டு தடவ படிச்சேன்மா. ஏன்னா...

ஏன்னா அந்த மக்கள் நான்தான்.

சிரிக்காதீங்க. முதல் வாரம் ரெண்டு காப்பி வந்திருந்துச்சு, ரெண்டையும் வாங்கிட்டேன். அப்பாடா, ஒழிஞ்சதுன்னு போயிட்டேன். அடுத்த வாரம் சும்மா எட்டிப் பார்க்கலாம்னு வந்தா, நாலு நிக்குது! அதையும் வாங்கினேன். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணடிச்சு, நண்பர்களுக்கான்னு கேட்டாரு. ஆமா, எனக்கு நண்பர்கள் அதிகம்னு சொன்னேன். அதக் கேட்டு அவரு இன்னும் ஆர்டர் போட்டுட்டாரு லா! நான் வாங்க வாங்க வரவழைக்கிறாரு. எங்க வீட்டு கராஜ்ல பழைய ஃப்ரீசருக்குப் பின்னால ஆறு நிக்குது. இன்னும் வாங்கினா அடுத்த வாரம் எட்டு வரும். அதான் இந்த வாரம் வாங்க வேணாம், கிறிஸ்மஸ் பெட்டியில போட்டா டிசம்பர் வரைக்கும் ஒருத்தனும் கிளற மாட்டான்னு... அப்பத்தான் நீங்க வந்து நின்னீங்க.

எதுக்கா? எதுக்குன்னா... அது பெரிய கதமா. உங்களுக்கு வேலை இருக்கும். இல்லையா? கடையில யாரும் இல்லதான். சரி, நீங்களே கேட்டீங்க, அப்புறம் கிழவன் அறுக்கிறான்னு சொல்லக்கூடாது.

வர்ற சனிக்கிழமை எனக்கும் என் வீட்டுக்காரி அன்னம்மாவுக்கும் கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருஷம். எங்க மகன் ஜேசன் சர்ச் ஹால் எடுத்திருக்கான். எண்பது பேரு வர்றாங்க. சாப்பாடு, கேக்கு, படம் ஓட்டுறது எல்லாம் உண்டு. நிகழ்ச்சி அட்டைகூட அடிச்சாச்சு. அதுல நடுவுல தங்க எழுத்துல என்னா போட்டிருக்கான் தெரியுமா? 'அன்னம்மாவுக்கு. இசையமைத்து வாசிப்பவர்: ராஜூ.' நான் வேணாம்டான்னேன். 'டாட், இட்ஸ் யுவர் சாங்'ங்கிறான். தமிழ்ல சொன்னா அதுலயே நாலு சண்டை போடலாம், இங்கிலீஷ்ல சொன்னா நான் என்னத்தச் சொல்றது.

கல்யாண நாளுன்னா எங்க வீட்டுல எப்பவும் அதே முறைதான். சாயந்திரம் நான் கித்தார எடுப்பேன், அன்னம்மா எதிர்ல உக்காருவா, அந்த மெட்ட வாசிப்பேன். நடுவுல ஒரு எடத்துல அவ சிரிப்பா. வருஷா வருஷம் அதே எடத்துல. முடிஞ்சதும் கையத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயி சாப்பாடு போடுவா. என்னா சாப்பாடுன்னு நெனைக்கிறீங்க? கோழியா? எறாலா? சார்டின்மா! டின் மீனு! வெங்காயம், மொளகாய் போட்டு ஒரு சம்பல் பெரட்டி, சுடு சோத்துல வச்சுக் குடுப்பா. மத்த நாளெல்லாம் விதவிதமா ஆக்குறவ, கல்யாண நாளு அன்னைக்கு மட்டும் ஒரு டின்ன ஒடச்சுக் கவுத்துருவா. முதல் வருஷம் கையில காசில்ல, சரி. இப்பவுமா? கேட்டா, 'இந்தப் பாட்டுக்கு இதுதான் பொருத்தம்'பா. பாருங்க, ஆயுசுல ஒரே ஒரு மெட்டு போட்டவனுக்கு இவ்வளவுதான் மரியாதை.

போட்டவன்னு சொன்னேனா... ம். அதுதான் விஷயமே.

நான் போடலமா.

எழுபத்தாறுல தைப்பிங்ல மிஷன் ஸ்கூல்ல நான் லேப் அட்டெண்டண்ட். கிரீவ்ஸ்னு ஒரு வாத்தியாரு, இங்கிலீஷ்காரரு, மூணு வருஷ ஒப்பந்தத்துல வந்தவரு. அவரு ரெக்கார்டு பிளேயர் கெட்டுப்போனா நான்தான் பிரிச்சு மாட்டிக் குடுப்பேன். ஊருக்குத் திரும்பறப்ப ஒரு பெட்டி ரெக்கார்டு எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. அதுல ஒன்னு இது. அவரு ஊர்ல ஏதோ ஒரு கிளப்புல அந்த பென்ஃபோல்டு கையாலயே வாங்கினதாம். அட்டையில கடலு, ஒரு மரப்பாலம், மழை. தைப்பிங்லயும் மழை. சாயந்திரமானா போதும், ஊத்து ஊத்துன்னு ஊத்தும். அந்த மழையில ஜன்னலச் சாத்திட்டு இதப் போட்டுக் கேப்பேன் பாருங்க... கித்தார்னா சர்ச்சுல தரதரன்னு தேய்க்கிறதுன்னுதான் அதுவரைக்கும் நான் நெனச்சிருந்தேன். இந்தாளு வாசிச்சது ஒரு ஆளு மூணு பேரா உக்காந்து பேசிக்கிற மாதிரி இருந்துச்சு. பிளேட்ட விரலால மெதுவாச் சுத்தி, ஒவ்வொரு கம்பியா எந்தச் சுருதின்னு கண்டுபிடிச்சு, ரெண்டு வருஷம் ஆச்சுமா ஒரு மெட்டு வர்றதுக்கு. ரெண்டாம் பக்கம், மூணாவது.

பேரா? பேரு வேணாம், விடுங்க. சொன்னா சிரிப்பீங்க.

அப்புறம் எண்பத்தொன்னு. அன்னம்மா வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். அவ அப்பா ரயில்வேயில கிளார்க்கு, மொகத்தப் பார்த்தாலே டிக்கெட் எடுத்தியான்னு கேக்குற மாதிரி இருக்கும். அவளுக்கு ஏற்கனவே ஒரு பேங்க் ஆபிசரு வரன் தயாரா இருந்துச்சு. நான் லேப்புல பாட்டில் கழுவுறவன். மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்னு கேட்டாரு. எங்கம்மா அவசரப்பட்டு, கித்தார் வாசிப்பான்னுட்டாங்க. வாசிச்சேன். முடிச்சுட்டு நிமிர்ந்தா, அன்னம்மா கதவுக்குப் பக்கத்துல நிக்குறா. நேராக் கேட்டா: யாரு போட்ட மெட்டு?

சத்தியமாச் சொல்றேன், நோரிஸ் பென்ஃபோல்ட்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆனா அந்தப் பேங்க் ஆபிசரு ஞாபகம் வந்துடுச்சு. 'நான்தான்' அப்படின்னுட்டேன். அதோட விட்டனா? யாருக்காகன்னு அவ தங்கச்சி கேட்டுச்சு. 'இனிமே உங்க அக்காவுக்காக'ன்னேன். பாருங்க, எவ்வளவு வாய்! பேங்க் ஆபிசரு அன்னைக்கே அவுட்டு.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு... வீட்டுல அந்த ரெக்கார்டு இருக்கே! கல்யாணத்துக்கு மூணு நாளுக்கு முந்தி, யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, அதைத் தொடையில வச்சு டப்புன்னு ரெண்டா ஒடச்சேன். அட்டைய அடுப்புல போட்டேன். பிளேட்ட வீட்டுக்குப் பின்னால, லோங்காங் ஓரமா மண்ணத் தோண்டிப் பொதச்சேன். லோங்காங்னா சாக்கடமா. பொதச்சுட்டு மேல நின்னு மிதிச்சேன். அவ்வளவு நல்ல பாட்ட நான் மிதிச்சேன், தெரியுமா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு.

ஆனா உலகத்துல வேற யாருக்குத் தெரியப் போகுது? முந்நூறு காப்பி! தைரியமா வாசிச்சேன். சர்ச் விழா, ஸ்கூல் விழா, ஜேசன் கல்யாணம், எங்க போனாலும் 'ராஜூ மெட்டு'. சுருதி மாத்துறத யாரும் பார்த்துடக்கூடாதுன்னு சுவத்தப் பார்த்துத் திரும்பிக்கிட்டுத்தான் கம்பிய முறுக்குவேன். நான் ஜெபம் பண்றேன்னு சொல்லிக்கிட்டாங்க. பேத்தி அத வச்சு ஆடும். அந்த நடுவுல சட்டுன்னு தாவுற எடத்துல அதுவும் ஒரு குதி குதிக்கும்.

இப்ப எங்க மருமக சுரேகா. சிங்கப்பூர்ப் பொண்ணு, தங்கமான பொண்ணு, ஒரே ஒரு குறை, ரெக்கார்டு வாங்குற பைத்தியம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா இந்தக் கடைக்குத்தான் வருவா. நல்லாப் பாடுறவ, காது ரொம்பக் கூர்மை. நான் போன மாசம் அவ வீட்டுல உக்காந்திருக்கேன், அவ போன்ல எதையோ தள்ளிக்கிட்டே, மாமா, பழைய கித்தார் ரெக்கார்டு ஒன்னு திரும்ப வருதாம்னு காட்டுறா. கடலு. மரப்பாலம். மழை. வாயில இருந்த டீ சட்டையில.

அதான்மா கத. அவ கையில இது கெடச்சா, ரெண்டாம் பக்கம் மூணாவதுக்கு ஊசி போறப்ப என் கத முடிஞ்சுச்சு. அன்னம்மா பேங்க் ஆபிசர விட்டுட்டு வந்தவமா! இந்தப் பாட்டுக்காக வந்தவ. எண்பது பேருக்கு முன்னால... எண்பது பேர விடுங்க, அவ ஒருத்தி மொகத்த எப்படிப் பார்ப்பேன்?

ஆமா, கேட்டேன். முதல் காப்பி வாங்கின அன்னைக்கே கராஜ்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். கேக்காம இருக்க முடியுமா? கேட்டா... அவமானம்மா. நாப்பத்தஞ்சு வருஷமாத் தப்பா வாசிச்சிருக்கேன்! என் பழைய பிளேட்டுல ஒரு கீறல். அந்த எடத்துல ஊசி தாவும். அது தாவுறதுன்னு தெரியாம, பாட்டே அப்படித்தான்னு நெனச்சு, நானும் அச்சா அதே எடத்துல தாவக் கத்துக்கிட்டேன். நடுவுல ஒரு பெரிய துண்டே இருக்கு, நான் கேட்டதே இல்லாதது. மெதுவா, ரொம்ப மெதுவா எறங்கி, நிக்குற மாதிரி வந்து, நிக்காம திரும்ப ஏறுது. நான் மிச்ச மெட்டையும் பஸ்ஸு டைம்டேபிளப் பிடிக்கிற மாதிரி வேகமா ஓட்டியிருக்கேன். அழுதுட்டேன்மா, ஃப்ரீசர் மேல தலைய வச்சுக்கிட்டு. அன்னம்மா உள்ள இருந்து, என்னா சத்தம்னு கேக்குறா. ஃப்ரீசருன்னு சொன்னேன்.

அப்ப அந்த மெட்டுல ராஜூவோட சொந்தம்னு எது? அந்தக் கீறல். அவ்வளவுதான்.

அதவிட அந்தப் புத்தகத்தப் படிச்சேன் பாருங்க, அதுதான் மனச அறுத்துடுச்சு. அந்த மனுஷன் ரெக்கார்டு விக்கலன்னு கித்தார வித்துட்டு, தபால்காரனாப் போயிட்டாராம். சாகுற வரைக்கும் அவரு பாட்ட யாரும் கேக்கலன்னு நெனச்சே செத்தாராம். பொய்யி! தைப்பிங்ல கேட்டாங்க, ஈப்போவுல கேட்டாங்க, கிளென்ஃபீல்ட்ல கேட்டாங்க, எழுந்து நின்னு கை தட்டுனாங்க. எல்லா கைதட்டையும் நான் வாங்கி என் ஜோப்புல போட்டுக்கிட்டேன். ஒரு கடுதாசி போட்டிருந்தாலாவது...

ஏய், அட்டையத் திருப்பாதீங்க, திருப்பாதீங்க... படிச்சிட்டீங்களா. ம், சிரிங்க. அதான் பேரு. 'பூனைக்கு ஒரு டின் சார்டின்.' மூணாவது. அவருகிட்ட ஒரு கிழட்டுப் பூனை இருந்துச்சாம், அது சாப்பிட மாட்டேன்னு முறைச்சுக்கிட்டப்ப அதத் தாஜா பண்றதுக்குப் போட்ட மெட்டாம். அந்தப் பூனை மெட்டத்தான் நான் ரயில்வே கிளார்க்கு மகளுக்கு... விடுங்க.

இப்ப எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்கமா. இந்த மூணு, கண்ணாடியில ஒன்னு. வேற எங்கயாவது இருக்கா? உள்ள அலமாரியில? பாருங்களேன், சனிக்கிழமை வரைக்கும் மட்டும் யாருக்கும் குடுக்காம... ஒன்னு இருக்கா? யாரோ சொல்லி வச்சதா? யாரு? சொல்லக்கூடாதா? சரி, சரி. கடை ரகசியம். ஆனா அந்தச் சீட்டு என்னைப் பார்த்துத்தானே ஒட்டியிருக்கு, நான் படிக்கலமா, கண்ணுதான் படிக்குது... தூரத்துக் கண்ணாடி இப்பத்தான் உபயோகமா இருக்கு...

இது எங்க வீட்டு நம்பர்.

அன்னம்மா எழுத்து இது. அந்த 'ஆர்' வால நீட்டுறது அவதான். எப்பக் குடுத்தது இது? ரெண்டு மாசமா? ரெக்கார்டு வர்றதுக்கு முந்தியே? அப்ப சுரேகா எங்கிட்டக் காட்டுறதுக்கு முந்தியே அவகிட்ட... கீழ என்னா எழுதியிருக்கா? நீங்களே படிங்கமா, எனக்குக் கலங்குது. 

'கணவருக்குப் பரிசு. அவருடையது எண்பத்தொன்றில் உடைந்துவிட்டது.'

உடைந்துவிட்டது. உடைச்சாருன்னு எழுதல பாருங்க.

அவளுக்கு எப்படி... நான் பொதச்சேனே... அட! பந்தான் செடி, சோத்துல வாசனைக்குப் போடுவோமே! கல்யாணமாகி வந்த முதல் வாரம், வீட்டுக்குப் பின்னால பந்தான் நடணும்னு மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போனா. லோங்காங் ஓரமா ஈரமா இருக்கும், நல்லா வரும்னா. நான் வேலைக்குப் போயிட்டேன். பிளேட்டு ரெண்டாத்தானே ஒடஞ்சுது. நடுவுல இருக்கிற வட்டத் தாள்ல எல்லாம் அச்சடிச்சிருக்கும். நோரிஸ் பென்ஃபோல்ட். ரெண்டாம் பக்கம். மூணாவது...

சார்டின்.

ஐயோ. ஐயோ அன்னம்மா. 'இந்தப் பாட்டுக்கு இதுதான் பொருத்தம்'னாளே! நாப்பத்திநாலு டின்னுமா! வருஷா வருஷம் தட்டுல வச்சு மொகத்துக்கு நேரா நீட்டியிருக்கா, நான் கஞ்சத்தனம்னு நெனச்சுத் தின்னுட்டு எந்திரிச்சிருக்கேன்! அப்ப சுரேகாவுக்கும் தெரியும். ஜேசனுக்கு? அந்தத் தங்க எழுத்து... அடப்பாவிகளா. தெரியாதவன் நான் ஒருத்தன்தானா? மூணு வாரம் முள்ளங்கி தின்னவன் நான் ஒருத்தன்தானா?

இல்லமா, அழல. வெட்கமா இருக்கு. ரொம்ப வெட்கமா இருக்கு, ஆனா மனசு லேசா ஆயிடுச்சு. பேங்க் ஆபிசருகிட்டத் திரும்பிப் போக முதல் வாரமே காரணம் கெடச்சிருக்கு அவளுக்கு. அவ அது மேல பந்தான் நட்டுட்டு, சம்பல் பெரட்டப் போயிட்டா.

இந்தாங்க, இந்த மூணையும் முன்னால வைங்க, நல்லாத் தெரியிற மாதிரி. வீட்டுல இருக்கிற ஆறையும் சனிக்கிழமை வர்றவங்களுக்குக் குடுத்துடுறேன். அவ சொல்லி வச்சத மட்டும் நல்லாக் கட்டிக் குடுங்க, நான் பார்த்தேன்னு மூச்சு விடாதீங்க. மேடையில ஏறி அவரு பேரச் சொல்லிட்டுத்தான் கித்தாரத் தொடுவேன். சுவத்தப் பார்க்காம, எல்லாரு முன்னாலயும் கம்பிய முறுக்குவேன். அந்த விட்டுப்போன துண்டு... இல்ல, அங்க தாவிடுறேன். அந்த எடத்துலதான் அவ சிரிப்பா. தவிர, அது ஒன்னுதான் என்னோடது.

போங்கமா, போங்க, ஆளு வந்துட்டாங்க. ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போங்க. இங்க மூலைக்கடை, அதான் டெய்ரி, எந்தப் பக்கம்? அந்தப் பக்கமா? சார்டின் இருக்கும்ல... தக்காளி போட்டது. இந்த வருஷம் நான் ஆக்கலாம்னு இருக்கேன்.